பிள்ளைக்கு நான் என்ன முறை

மட்டக்களப்பில் ஒரு புது ஆளைக் கண்டால் பெயருக்கும் முன்னால் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: என்ன குடி? குடி தாய்வழியாக வருவது. தாய் எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்காரர் எல்லாம் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. அவர்களுக்குள் கல்யாணம் கிடையாது. கோயில் திருவிழாவில் எந்த நாள் யாருடையது என்பதும் குடியை வைத்துத்தான். வெளியூர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்தப் போனால் பொழுதுபட்டுவிடும். நாங்கள் அதை யோசிப்பதே இல்லை, பிறந்த அன்றைக்கே தெரிந்துகொண்டவர்கள் மாதிரி நடந்துகொள்வோம்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிள்ளை என்ன குடி என்று யாருக்கும் தெரியவில்லை. இந்தக் கதையின் கரைச்சல் முழுவதும் அதிலிருந்துதான் தொடங்கியது.

நானும் கணவரும் களுவாஞ்சிக்குடியில், வாவிப் பக்கமாக, ஒரு சின்ன நெல்லு மில் நடத்திக்கொண்டிருந்தோம். சுனாமி எங்கள் பக்கம் வரவில்லை. கடற்கரைச் சனம் முழுக்க ஊருக்குள் ஓடி வந்து பள்ளிக்கூடங்களில் நிறைந்தது. பெரியகல்லாற்றுப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு நாங்கள் சோறு சமைத்துக் கொண்டுபோனோம். நல்ல மனசு என்று பிறகு பலர் சொன்னார்கள். எங்களிடம் அரிசி இருந்தது, எரிக்க உமி இருந்தது, நெல் அவிக்கிற அண்டா இருந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு சமைக்காமல் இருப்பதற்குத்தான் தனியாக ஒரு மனசு வேண்டும்.

பிள்ளையை அங்கேதான் பார்த்தோம். நாலு வயது இருக்கும். வகுப்பறை மூலையில் வேறொருத்தியின் பிள்ளைகளோடு சேர்ந்து இருந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தன் பிள்ளைகளைப் பார்க்கவே தெம்பில்லை. விசாரித்தவர்களுக்குப் பிள்ளை தன் பெயரைச் சரியாகச் சொன்னாள். அம்மாவின் பெயர் என்ன என்றால் அம்மா. அப்பாவின் பெயர் அப்பா. எந்த ஊர் என்றால், "ஊடு." வீடு இருந்த இடமே இல்லை என்பதை அவளுக்கு யார் சொல்வது?

கரையில் தப்பியவர்கள் சொன்னது இவ்வளவுதான்: அந்தப் புருசன் பெண்சாதி கரைவலை இழுக்கப் புதிதாக வந்தவர்கள், ஒரு மீன்வாடியில் ஒண்டியிருந்தார்கள். எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று கேட்டால், "அங்கால இரிந்து" என்று வாவிப் பக்கம் கையைக் காட்டினார்கள். அங்காலே என்றால் வாவிக்கு அந்தப் பக்கத்து ஊர்கள், படுவான்கரை. அந்த நாளில் அது இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. போய்ச் சல்லடை போட்டுத் தேடுகிற இடமில்லை. வாடிக்காரனும் குடும்பத்தோடு கடலில் போய்விட்டான்.

பிள்ளைகளைப் பொறுப்பெடுக்கிற நன்னடத்தை அலுவலர் அப்போது வேலைக்குப் புதிது. நான் வெறும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது வந்து, "அக்கா, இந்தப் புள்ளய ஒரு கிழமைக்கு வச்சிரிக்க ஏலுமா?" என்று கேட்டாள். அரசாங்கத்தின் ஒரு கிழமை எவ்வளவு நீளம் என்று அரசாங்கத்துக்கு நெல் கொடுத்தவர்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ஓம் என்றேன். பிறகு நீதிமன்றத்துக்குப் போய் முறைப்படி வளர்ப்புப் பெற்றோர் ஆனதெல்லாம் அந்த ஓமின் மிச்சம்தான்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கக் கடலே ஒன்றைக் கொண்டுவந்து தந்துவிட்டது என்று ஊரில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள். கடல் அந்தப் பிள்ளையின் தாயையும் தகப்பனையும் எடுத்திருக்கிறது, இவள் அதற்கு நன்றி சொல்லச் சொல்கிறாள். அவளோடு அதன் பிறகு நான் கதைத்ததில்லை. அவள் நெல்லை வேறு மில்லுக்குக் கொண்டுபோனாள், போகட்டும்.

வந்த மறுநாளே முறைப் பிரச்சினை எழும்பியது. பிள்ளை என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவது? அன்ரி என்று கூப்பிடட்டுமே என்றாள் அலுவலர். அந்த இங்கிலீசுச் சொல் எனக்கு ஆகாது; அன்ரி என்று கூப்பிட்ட கடைக்காரனிடம் நான் இரண்டாம் தரம் போனதில்லை. அம்மா என்று கூப்பிடட்டும் என்றார்கள் அயலார். அம்மா அவளுக்கு ஏற்கெனவே ஒருத்தி. உடல் கிடைக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரியிலிருந்தாவது எழும்பி வந்து வாசலில் நின்றாளென்றால், தன் பிள்ளை இன்னொருத்தியை அப்படிக் கூப்பிடுவதை அவள் ஏன் கேட்க வேண்டும்? பெரியம்மா என்றால் தாயின் அக்கா, ஒரே குடி. குடி தெரியாத பிள்ளையை வாயாலே என் குடிக்குள் இழுத்துப்போட முடியாது. மிஞ்சியது மாமி. தகப்பனின் சகோதரியும் மாமி, தாய்மாமனின் பெண்சாதியும் மாமி, எதிர்வீட்டுக்காரியும் மாமி. ஒரு உரிமையும் கேட்காத சொல். நான் மாமி என்றால் என் கணவர் மாமா.

"மாமி எண்டு கூப்பிட வச்சா பிறகு உன்ட மகனுக்குக் கட்டிக் குடுக்கச் சொல்லிக் கேப்பாங்க கா" என்று அவர் பகிடி விட்டார்.

"முதல்ல எனக்கு மகன் பொறக்கட்டும், பிறகு கேக்கட்டும்" என்றேன்.

பிள்ளை கடலுக்குத்தான் பயந்தாள், வாவிக்குப் பயமில்லை. சத்தத்துக்கும் பயமில்லை. மில் என்ஜின் ஓடத் தொடங்கினால் ஊர்ப் பிள்ளைகள் காதைப் பொத்துவார்கள். இவள் அதற்குக் கிட்டப் போய் நிற்பாள். என் கணவர் என்ஜினுக்குப் பட்டி மாட்டும்போது, எண்ணெய் விடும்போது, பக்கத்தில் நின்று கேள்வி கேட்பாள். அவர் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. என்னோடு ஒரு கிழமையில் பேசாததை அந்தப் பிள்ளையோடு ஒரு மூட்டை குத்தி முடிகிறதற்குள் பேசினார். உமிக் குவியலில் ஏறிச் சறுக்கி, தலை முழுக்கத் தூசியோடு சாப்பிட வருவாள். குளிக்கவார்த்து, தலை சீவி, பேன் பார்த்து, பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, ஏச்சுக் கொடுத்தவள் நான். பிள்ளை ஒட்டியது அவரோடு. எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

கோயில் திருவிழா வரும்போது மட்டும் சங்கடமாகிவிடும். எங்கள் குடித் திருவிழாவன்று நான் வேலையாக ஓடித் திரிவேன். அவள் ஒரு தரம் கேட்டாள்: "மாமி, என்ட திருவிழா எண்டைக்கு?"

"எல்லா நாளும் உன்டதான்."

"எல்லா நாளும் எண்டா ஒருத்தரும் என்னக் கூப்பிட மாட்டாங்களே" என்றாள். பிரசாதத்தைக் கையில் கொடுத்து வாயை அடைத்தேன்.

பிறகு ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்ப வந்தது. எங்கள் கரையிலிருந்து அடித்த ஷெல் வாவிக்கு மேலால் அந்தக் கரைக்குப் போனது. அந்தக் கரை வயல்வட்டைகளிலிருந்து நெல் வருவது நின்றது, என்ஜின் சும்மா கிடந்தது. கடைசியில் நெல்லுக்குப் பதிலாகச் சனம் வந்தது. மாடு, கோழி, மூட்டை முடிச்சு எல்லாவற்றோடும் படுவான்கரை முழுக்க இந்தப் பக்கம் வந்து இறங்கியது. நெல் காயப்போடுகிற எங்கள் சீமெந்துத் தளத்தில் தறப்பாள் கட்டி இருந்தார்கள். திரும்பவும் அண்டாவை ஏற்றினேன்.

வந்த பெண்கள் ஒவ்வொருத்தியும் பிள்ளையின் முகத்தை உற்றுப் பார்த்தார்கள். "இது ஆருட புள்ள?" என்று கேட்டார்கள். நான் பிள்ளைக்கு வீட்டுக்குள்ளே ஏதாவது வேலை சொல்லி அனுப்பினேன். இது இன்னாருடைய பிள்ளை என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அந்த மாதங்கள் முழுக்கப் பயந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. அவர்கள் ஊர் திரும்பியபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. பிள்ளையைத் தேடிக்கொண்டிருக்கக்கூடிய யாரோ ஒருவரை நான் நினைக்கவில்லை, எனக்கு வேண்டியது பிள்ளை.

வன்னியில் சண்டை முடிந்ததை வானொலியில் கேட்டோம். அன்றைக்கும் நெல் அவித்தோம். இயக்கத்துக்குப் போன எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். ஊரில் சில வீடுகளில் படலையைத் திறந்தே வைத்திருந்தார்கள். சில வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள், பல வீட்டுக்கு வரவில்லை. எங்களுக்கு அங்கே யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலுவலர் தொலைபேசி எடுத்தது அதற்குப் பிறகு நல்ல காலம் கழித்து. "அக்கா, ஒராள் வந்திரிக்கார். புள்ளட தாய்மாமன் எண்டு சொல்றார்."

இயக்கத்தில் இருந்தவர்களைப் பிடித்து வைத்திருந்த புனர்வாழ்வு முகாமில் இருந்து விடுபட்டு வந்தவன். முப்பதைக் கொஞ்சம் தாண்டியிருக்கும், பார்த்தால் அதைவிடக் கூட மதிப்பார்கள். தங்கச்சி ஒரு மீன்பிடிக்காரனோடு வீட்டுக்குச் சொல்லாமல் போனபோது அவன் வன்னியில் இருந்தான். திரும்பி வந்து அவளைத் தேடி, கடற்கரை முழுக்க அலைந்து, எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறான். பதிவாளரிடம் எடுத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வைத்திருந்தான், பெயரும் வயதும் சரி. அலுவலர் கடதாசியைப் பார்த்தாள், நான் அவன் காதைப் பார்த்தேன். இடது காதின் மேல்விளிம்பு மடிந்திருந்தது. பிள்ளைக்கும் அதே காது. எனக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

மில்லுக்கு வந்தவன் கதிரையில் இருக்க மாட்டேன் என்று சாக்குமூட்டையில் இருந்தான். தேத்தண்ணீர் கொடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இத்தனை வருசமாகப் பதில் கிடைக்காத கேள்வி நாக்கு நுனியில் நின்றது.

"நீங்க என்ன குடி?"

சொன்னான். அது என் குடி.

"நம்மட குடிதான்" என்று என் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவன் கோப்பையைக் கீழே வைத்தான். "அப்ப நீங்க எனக்கு அக்கா" என்றான். "அக்காட்டதான் புள்ள இரிந்திரிக்கு" என்றான். பிறகு என் முன்னால் இருந்து சத்தமில்லாமல் அழுதான். வன்னியில் கடைசிக் காலத்தில் தன் ஆட்கள் எல்லாரையும் பறிகொடுத்துவிட்டு வந்தவன்.

நான் என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அவன் போன பிறகுதான் உறைத்தது. நான் அந்நிய ஆளாக இருந்திருந்தால் எழும்பி நின்று, எங்களிடம் நீதிமன்றக் கட்டளை இருக்கிறது, நீங்கள் அலுவலரோடு கதையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அக்கா அப்படிச் சொல்ல முடியாது. தங்கச்சி பிள்ளையை அக்கா வைத்திருந்தாள், தம்பி வந்து கேட்கிறான், கொடுக்க வேண்டியதுதானே? ஊர் அப்படித்தான் சொன்னது. கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் என்னைக் கண்டு, "தாய்மாமன் வந்திட்டான், இனி என்னகா கவல?" என்று சந்தோசப்பட்டார். குடி தெரிந்த அன்றைக்கே பிள்ளைக்குத் திருவிழா வந்துவிட்டது, எனக்குப் பிள்ளை போகிற மாதிரி இருந்தது. கணக்குப் பார்த்தால் நானும் அவனும் பிள்ளையும் ஒரே குடி. பிள்ளைக்கு ஆகத் தூரத்து ஆள் என் கணவர்தான்.

அவரிடம் சொன்னேன். என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தார். "குடுக்கணும் எண்டா குடுக்கத்தானே வேணும்" என்றார். அன்றைக்குச் சாப்பிட வரவில்லை.

அவன் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினான். படுவான்கரைக்கும் எங்களுக்கும் இடையில் வாகனத்தையும் ஆளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கிற மிதவை ஒன்று ஓடும், பாதை என்போம். அதில் சைக்கிளோடு வந்து இறங்குவான். நாவற்பழம் கொண்டுவருவான், விளாம்பழம் கொண்டுவருவான். அவளுடைய தாயைப் பற்றிச் சொல்வான்: சின்ன வயதில் மரமேறி விழுந்தது, பாட்டுப் பாடிக்கொண்டே நாற்று நட்டது. பிள்ளை பழத்தைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பாள். அவளுக்கு அம்மா என்பது அதுவரை ஒரு சொல், அவன் வந்துதான் அதற்கு ஆளைக் காட்டினான். என்னால் அதைச் செய்திருக்க முடியாது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்.

முதல் வேலையாக அவன் பிள்ளைக்கு முறையைத் திருத்தினான். "மாமி இல்லம்மா, அவ உனக்குப் பெரியம்மா. அவர் பெரியப்பா. மாமா எண்டா நான் மட்டுந்தான்." அன்பாகத்தான் சொன்னான், சொன்னது முழுக்கச் சரியும்கூட. பிள்ளை தலையாட்டினாள். அன்றிலிருந்து நான் பெரியம்மா. அவன் போன பிறகும் பெரியம்மாதான். அவளுக்கு அந்தச் சொல் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். சும்மா சும்மா கூப்பிட்டாள். என் கணவரை மட்டும் ஒன்றும் சொல்லிக் கூப்பிடாமல் விட்டாள். "சாப்பிட வரட்டாம்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு ஓடிவிடுவாள். அவர் அதைக் கவனித்தாரா என்று நான் கேட்கவில்லை.

நான் அவனோடு அந்தச் சனிக்கிழமைகளில் எல்லாம் நீங்க, வாங்க, இருங்க என்றுதான் கதைத்தேன். அவன் வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்றான். ஒரு தரம் தம்பி என்றால் பிள்ளையைக் கொடுத்ததாகிவிடும் என்று எனக்குள்ளே ஒரு பிடிவாதம்.

கடைசியில் எங்களைப் பிரதேச செயலகத்துக்குக் கூப்பிட்டார்கள். மேல்மாடியில் அலுவலரின் அறை. அவளும் அதற்குள் கல்யாணம் முடித்து, முன்தலை நரைக்கத் தொடங்கியிருந்தாள். தாய்மாமன் பிள்ளையைக் கேட்கிறார், வளர்ப்புப் பெற்றோர் மறுக்கவில்லை, ஆனாலும் பிள்ளை விபரம் தெரிந்த வயதில் இருப்பதால் அவளுடைய வாயால் கேட்க வேண்டும் என்றாள். மறுக்கவில்லை என்பது உண்மைதான். நான் மறுக்கவும் இல்லை, சரி என்று சொல்லவும் இல்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு இருந்தேன்.

"மகள், பயப்பிடாமச் சொல்லுங்க. நீங்க யாரோட இரிக்க விருப்பம்?"

பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்தாள். யோசித்துத்தான் சொன்னாள்.

"மாமாவோட."

அவன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். அலுவலர் என்னைப் பார்த்து, உடனே பார்வையை எடுத்துப் பேனையைத் திறந்தாள். இந்தச் சொல்லுக்கு நான் ஆயத்தமாகத்தான் வந்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். வளர்த்தவள் நான் என்று அந்த மேசையில் அடித்துச் சொல்ல வேண்டும் போல இருந்தது. என் கணவர் எழும்பினார். "மில்லில ஆள் நிக்கி, நான் போறன்" என்றார். அன்றைக்கு மில் பூட்டிக் கிடந்தது. ஒருவரையும் பார்க்காமல் கதவைத் தாண்டிப் போனார்.

பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கதவைப் பார்த்தாள்.

"மாமா! எங்க போறீங்க? நில்லுங்க, நானும் வாறன்!"

சொல்லிக்கொண்டே ஓடினாள். படிக்கட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது, அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றதும் கேட்டது.

அலுவலர் எழுதத் தொடங்கியதை வெட்டிவிட்டுப் பேனையை மூடினாள். "எந்த மாமா எண்டு நான் கேட்டிரிக்கணும்" என்றாள், எங்களுக்கில்லை, தனக்கே. அவன் கையை முகத்திலிருந்து எடுத்தான். எனக்கு முன்னமே அவனுக்கு விளங்கியிருந்தது. எனக்கு வந்த சந்தோசத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. ஒரு முழத் தூரத்தில் அவன் இருந்தான், அவனுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் படியிறங்கி ஓடிவிட்டாள். ஓடியதும் என்னைப் பார்த்தல்ல. அதுவும் உறைத்தது.

யன்னலால் எட்டிப் பார்த்தேன். கீழே மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் பிள்ளை ஏறியிருந்தாள். அவர் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்காமல், அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பிள்ளை மேலே பார்த்துக் கூப்பிட்டாள்: "பெரியம்மா, கெதியா வாங்க! மாமா அழுறார்!"

பெரியம்மாவின் புருசன் மாமா ஆகிற முறை எங்கள் குடியிலும் இல்லை, எந்தக் குடியிலும் இல்லை. பக்கத்தில் வந்து நின்றவனுக்கும் அது கேட்டது.

"முற பிழைக்குது அக்கா" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பிறகு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "சனிக்கிழமயில நான் வந்து பாக்கலாமா?"

"இது என்ன கேள்வி? வா தம்பி" என்றேன்.